வெலிச்கோ சுழற்றவிருந்த தட்டு

வெலிச்கோவின் பற்களில் ஒரு கோளாறும் கிடையாது. ஐம்பத்து நாலு வயதிலும் வால்நட் கொட்டையை வாயாலேயே உடைப்பான். இருந்தும் போன வசந்தத்திலிருந்து ஆறு தடவை பல் வைத்தியசாலைக்குப் போய்வந்துவிட்டான். அதன் பின்னறையில் பொய்ப்பல் செய்கிற இஸ்க்ரா உட்கார்ந்திருக்கிறாள் என்பதைத் தவிர அந்தக் கட்டிடத்தில் அவனுக்கு வேறு ஜோலி இல்லை. ஒவ்வொரு தடவையும் "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்கத்தான் போவான். அங்கே போனதும் நாக்கு தன் பாட்டுக்கு, "இந்தக் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் பாக்கணும்" என்று சொல்லிவிடும். ஆறாவது தடவை, ஊரிலேயே உறுதியான ஒரு பல்லைத் தானே வற்புறுத்தி ராவ வைத்து, அதற்கொரு தொப்பியும் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். தொப்பியைச் செய்தவள் இஸ்க்ரா. அந்த அளவில் லாபம்.

இனி ஏழாவது தடவைக்கு வழியில்லை. இஸ்க்ராவின் சித்தி மகள் கடற்கரை நகரமான வர்னாவில் பல் பட்டறை வைத்திருக்கிறாள்; இவளையும் அங்கேயே வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். புத்தாண்டு கழிந்து இரண்டாம் நாள் இவள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் கடற்கரைக்காரர்களுக்குப் பல் கிடைக்கும். வெலிச்கோவுக்கு ஒன்றும் கிடைக்காது.

யோசனை சொன்னவன் போய்கோ. இரண்டு பேரும் ஒரே பேருந்தை முறை வைத்து ஓட்டுகிறவர்கள். வண்டியைக் கைமாற்றும்போது குறைகளையும் கைமாற்றிக்கொள்வது வழக்கம்.

"வாயால சொல்ல வரலைன்னா எழுதிக் குடேன்டா. பானித்ஸா எதுக்கு இருக்கு?"

வெலிச்கோவுக்குச் சட்டென்று விளங்கியது. புத்தாண்டு மதியச் சாப்பாட்டில், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அந்த அப்பத்தின் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும். ஆரோக்கியம், பயணம், புது வீடு என்று ஏதாவது எழுதி, வெள்ளித்தாளில் சுற்றிச் செருகியிருப்பார்கள். மேசை நடுவே தட்டைச் சுழற்றி விடுவார்கள். எந்தத் துண்டு யார் முன்னால் வந்து நிற்கிறதோ அதுதான் அவருக்கு அந்த வருஷம். விதியில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதுதான் இந்த விளையாட்டின் ஒரே சட்டம். நண்பர்கள் இருவரும் அதில்தான் கை வைப்பதாக முடிவு செய்தார்கள்.

மனைவி இறந்து ஆறு வருஷமாக அந்த மேசையில் வெலிச்கோவும் வானொலியும் மட்டும்தான் சாப்பிட்டார்கள். இப்போது நாலு பேரை அழைத்தான்: இஸ்க்ரா, போய்கோ, அக்கா நெதெல்யா, அக்காள் கணவர் கெராசிம். அத்தானை அழைக்காமல் இருக்க முடிந்தால் அழைத்திருக்க மாட்டான். ஆனால் ஓய்வுபெற்ற கலாசார மன்றத் துணை இயக்குநரை ஒரு விருந்துக்கு அழைக்காமல் விட்டால், அது ஏன் என்று அவர் அடுத்த விருந்தில் ஒரு மணி நேரம் பேசுவார்.

முந்தின நாள் பூராவும் வெலிச்கோ சமையலறையில் கிடந்தான். மாவை மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கும்வரை இழுத்தான். ஓட்டை விழுந்த இடத்தில் இன்னொரு துண்டு மாவை ஒட்டினான், டயருக்குப் பஞ்சர் போடுவதுபோல. பாலாடைக்கட்டியை உதிர்த்து, முட்டை அடித்து, சுருட்டி, தட்டில் நத்தை மாதிரி வளைத்து வைத்தான். துணி நாப்கினில் அன்னம் மடிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து, அதையும் செய்தான். பேருந்துக் கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பழகிய கையால் ஆறு சீட்டு எழுதினான். ஐந்து ஆளுக்கு, ஒன்று வீட்டுக்கு. ஐந்து சீட்டு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஆறாவதற்கு இரண்டு மணி நேரமும் எட்டுத் தாளும் ஆயின. கடைசியில் இப்படி வந்து நின்றது: "இந்த வீட்டுக்காரர் உங்களிடம் ஒன்று கேட்பார். மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள்."

பிறகு ஒத்திகை. காலித் தட்டின் ஓரத்தில் ஒரு கிராம்பை வைத்து, மேசையில் லேசாக எண்ணெய் தடவி, தட்டைச் சுழற்றினான். முப்பது வருஷம் ஸ்டீயரிங் திருப்பிய கை. மூன்று சுற்று, நாற்காலிக்கு நேராகக் கிராம்பு. மறுபடி மூன்று சுற்று, மறுபடி நேர். இருபது தடவை செய்தான். இருபதும் இஸ்க்ராவின் நாற்காலிக்கு முன்னால்.

புத்தாண்டன்று பன்னிரண்டு மணிக்கு முதலில் வந்தவர்கள் அக்காவும் அத்தானும். அக்கா தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே மேசையை ஆராய்ந்துவிட்டாள்.

"என்னடா இது தட்டு மேல? கோழியா?"

"அன்னம்க்கா."

"ஓஹோ. அடை காக்குதாக்கும்."

"அலங்காரத்தில் எளிமை போற்றத்தக்கது" என்று கெராசிம் கோட்டின் உள்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பையில் தட்டச்சு செய்த நாலு பக்கம் இருந்தது. கோழி சாப்பிடக்கூட அவர் குறிப்பு எடுத்துக்கொண்டுதான் வருவார் என்று ஊரில் சொல்வார்கள்.

போய்கோ ஊறுகாய் ஜாடியோடு வந்தான். கடைசியாக இஸ்க்ரா. கையில் அவளே செய்த புத்தாண்டுக் குச்சி: வளைத்துக் கட்டிய கிளை, சோளப்பொரிச் சரம், உலர்ந்த பிளம், சிவப்புக் கம்பளி நூல். அதைக் கொண்டு முதுகில் தட்டி வாழ்த்துவது சின்னப் பிள்ளைகளின் வேலை. வீட்டில் சின்னப் பிள்ளை யாரும் இல்லை, யாராவது தட்டித்தானே ஆக வேண்டும் என்று அவளே எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தாள்.

"சரம் எதுல கோத்தது? நூலு பளபளங்குதே" என்றாள் நெதெல்யா.

"பல்லிடுக்கு நூல்தான். அறவே அறாது." நெதெல்யாவின் முதுகில் தட்டினாள். "உடம்பு எஃகு மாதிரி இருக்கட்டும்." போய்கோவுக்கு, "பிரேக் பிடிக்கட்டும்." கெராசிமுக்கு, "பல் நிக்கட்டும். அதுக்கு நான்தானே பொறுப்பு."

கெராசிம் இருமினார். அவருடைய மேல்வரிசையைச் செய்தது இஸ்க்ராதான் என்பது அரசு ரகசியமாகக் காக்கப்பட்டு வந்தது.

வெலிச்கோவின் முதுகில் மட்டும் குச்சியை மெதுவாக வைத்து எடுத்தாள். "உங்களுக்கு என்ன வேணும்னு தெரியலையே. நீங்களே ஏதாவது நினைச்சுக்குங்க."

அவன் நினைத்துக்கொண்டான். காதுவரை சிவந்தது.

ரக்கியா என்ற பழச்சாராயத்தை ஊற்றினார்கள். முட்டைக்கோசு இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டியது வந்தது, சட்டி காலியானது. அடுப்பிலிருந்து பானித்ஸாவை எடுத்து ஆறாக வெட்டி, சீட்டுகளைச் செருகி, இஸ்க்ராவுடைய துண்டில் முள்கரண்டியால் மூன்று குத்துக் குத்தி, வெலிச்கோ தட்டை மேசை நடுவே இறக்கினான். போய்கோ மேசைக்கு அடியில் அவன் காலை ஒரு மிதி மிதித்தான்: போடு, இப்பத்தான். வெலிச்கோ தட்டின் விளிம்பில் கை வைத்தான்.

"நிறுத்து!" என்றார் கெராசிம்.

அவன் மறந்தது ஒன்றே ஒன்று. தட்டைச் சுழற்ற வேண்டியவர் வீட்டுக்காரர் அல்ல, மேசையில் மூத்தவர். முன்பெல்லாம் அத்தான் புத்தாண்டுக்கு மன்ற மேடையில் இருந்ததால், வீட்டில் தட்டை யார் சுழற்றினாலும் கேட்க ஆள் இருந்ததில்லை.

"மரபு என்று ஒன்று இருக்கிறது" என்று கெராசிம் எழுந்தார். நாலு பக்கமும் வெளியே வந்தது. இடது கையில் பேச்சு, வலது கை தட்டில். "அவையோரே! காலச் சக்கரத்தின் குறியீடாக விளங்கும் இந்தத் தட்டு..."

"அஞ்சே பேருதான் இருக்கோம்" என்றாள் நெதெல்யா. "அவையாம் அவை."

"...ஆண்டாண்டு காலமாக நம் முன்னோர்..." என்று சொல்லி அவர் தட்டைக் கால் சுற்று நகர்த்தினார். மூன்று குத்துத் துண்டு இஸ்க்ராவை நெருங்கியது. வெலிச்கோ மூச்சை நிறுத்தினான். "...இயற்கையோடு இயைந்து..." இன்னொரு கால் சுற்று. துண்டு இஸ்க்ராவைத் தாண்டியது. பக்கம் திருப்புவதற்குத் தட்டை விட்டார், திருப்பியதும் பிடித்தார். பானித்ஸா ஆறிக்கொண்டே ஊரைச் சுற்றியது. இரண்டு தடவை துண்டு சரியான இடத்தில் வந்து நின்றது. இரண்டு தடவையும் அத்தான் ஒரு அடைமொழி கூட்டி அதைக் கிளப்பிவிட்டார். முப்பது வருஷத்தில் இவ்வளவு மோசமான ஓட்டுநரை வெலிச்கோ பார்த்ததில்லை.

"...வாழிய புத்தாண்டு!" என்று கடைசித் தள்ளுத் தள்ளினார். தட்டு நின்றது. மூன்று குத்து கெராசிமுக்கு நேராக நின்றது.

எல்லாரும் பிரித்தார்கள். நெதெல்யாவுக்கு ஆரோக்கியம். போய்கோவுக்குப் பயணம், "இந்த எழவத்தான தினமும் பண்றேன்" என்றான். வெலிச்கோவுக்கு அவனே எழுதிய நிறைந்த வயிறு. வீட்டுக்கான துண்டை ஓரமாக வைத்தார்கள். இஸ்க்ராவின் வெள்ளித்தாளுக்குள் புகழ் இருந்தது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்பதுபோல அதைப் பார்த்தாள்.

கெராசிம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன்னுடையதை உரக்கப் படித்தார். "இந்த வீட்டுக்காரர் உங்களிடம் ஒன்று கேட்பார். மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள்."

போய்கோ சிரிப்பை அடக்க முடியாமல் ஊறுகாயைக் கடித்துச் சமாளித்தான்.

கெராசிமுடைய கண்கள் பனித்தன. "மாப்ளே, எனக்குத் தெரியும். உன் பஸ் பணிமனைக்கு இந்த வருஷம் அம்பது நிறையுது. விழா மலருக்கு வரலாறு எழுத ஆளு தேடுறீங்க. நேராக் கேக்கத் தயங்கி இப்படி நாசூக்கா... நான் மறுக்கவில்லை. மூன்று பாகமாக எழுதுவோம்."

"பஸ்ஸுக்கு மூணு பாகமா?" என்றாள் நெதெல்யா. "முன்னாடி, நடு, பின்னாடியா?"

வெலிச்கோ வாயைத் திறந்தான். இல்லை அத்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால், பின்னே யாருக்கு என்று கேட்பார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டான். நாளை மறுநாள் இஸ்க்ரா வர்னாவுக்கு ஒப்புக்கொள்வாள், மூன்று பாகமும் தனக்கு வந்து சேரும், அதுதான் தன் வருஷம் என்று தோன்றியது.

இஸ்க்ரா கெராசிமின் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தாள். அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தாள். பிறகு வெலிச்கோவின் சிவந்த காதைப் பார்த்தாள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு அளவு பார்க்கிற கண் அது. அதற்கு மேல் அளக்க எதுவும் இருக்கவில்லை.

"ஐயா" என்றாள் கெராசிமிடம், குரலில் தேன் ஒழுக. "உங்க சீட்டு ரொம்ப வேலை வைக்கும் போலிருக்கே. யாராவது எதையாவது கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நீங்க முடியாதுன்னும் சொல்ல முடியாது. எனக்கு வந்ததைப் பாருங்க. புகழ். நான் பின்னறையில உக்காந்து பல்லு ராவறவ. இது வந்து என்ன பிரயோசனம்? ஏதோ இடம் மாறி வந்திருக்குன்னு நினைக்கிறேன்."

"வந்ததை மாற்றக் கூடாது. மரபு..." என்று தொடங்கிய கெராசிம், அவள் நீட்டிய சீட்டில் அந்த ஒரு சொல்லைப் பார்த்தார். மூன்று பாகத்துக்கு உழைக்க வேண்டும், இதற்கு வேண்டியதில்லை. "...என்பது காலத்துக்கேற்ப நெகிழ்வதும் உண்டு" என்று முடித்து, புகழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பணிமனை ஐம்பதாண்டு அந்தக் கணமே கைவிடப்பட்டது.

இஸ்க்ரா தன் புதுச் சீட்டை மடியில் வைத்து நீவி விட்டாள். "ம். வீட்டுக்காரரே, கேளுங்க."

வெலிச்கோவின் நாக்கு அதன் பழக்கத்தை விடவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊறுகாய் வைக்கட்டுமா?"

"வைங்க. மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே. அடுத்தது?"

"ரொட்டி...?"

"குடுங்க. அடுத்தது?"

போய்கோ மறுபடி காலை மிதித்தான், இந்தத் தடவை குதிகாலால். வலியில் வெலிச்கோ கேட்டேவிட்டான். ஆறு தடவை வைத்தியசாலையில் வராத அத்தனையும், கொஞ்சம் வேகமாக, முற்றுப்புள்ளி இல்லாமல் வந்து விழுந்தது.

"அப்பாடா" என்றாள் இஸ்க்ரா. "சரி. வர்னாவுக்கு நாளைக்கே போன் பண்ணிடறேன், பட்டறைக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி. கோடையில ரெண்டு பேருமா போய்க் கடலைப் பாத்துட்டு வரலாம். பஸ்ஸை நீங்க ஓட்டக் கூடாது, பக்கத்துல உக்காரணும்."

நெதெல்யா அன்னம் ஒன்றைப் பிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூக்குச் சிந்தக்கூட லாயக்கில்லடா இது, மாவா இருக்கு" என்றாள்.

"என்ன நடந்தது?" என்று கேட்டார் கெராசிம். அவர் தன் பேச்சில் 'புகழ்' என்ற சொல்லைச் சேர்க்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல. நீங்க பேசுங்க" என்றாள் நெதெல்யா.

அவர் எழுந்தார். மூன்றாம் பக்கத்திலிருந்து தொடர்ந்தார். போய்கோ ரக்கியாவை எடுத்தான். மேசைக்கு அடியில், எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த வெலிச்கோவின் கையை இஸ்க்ரா பிடித்திருந்தாள். அத்தானுடைய பேச்சு சட்டென்று முடிந்துவிடக் கூடாதே என்று வெலிச்கோ வாழ்நாளில் முதல்தடவையாக நினைத்தான். அந்தக் கவலை தேவையே இல்லை.