காது தொண்ணூறு

"ராஜபாளையத்துக்குக் காது எவ்வளவு போட்டிருக்கீங்க?"

ஆன்லைன் கூட்டத்தில், சென்னை ஆபீஸிலிருந்து விஸ்வநாதன் கேட்டதும் பிரகதீஸ்வரிக்கு ஒரு நொடி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. லேப்டாப் திரையில் நாலு நாய்கள் வரிசையாக நின்றன. நாலும் அவள் வரைந்தவை. கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி, கடைசியாக ராஜபாளையம். ஒவ்வொன்றின் காலடியிலும் பலம், வேகம், கடி, மூக்கு, காது என்று நூற்றுக்கு இத்தனை என மார்க். "தொண்ணூறு சார்" என்றாள். பொய் என்று ஆகிவிட்டபின் அதில் என்ன கஞ்சத்தனம்!

அவளுக்குச் சம்பளம் கொடுப்பது வீடியோ கேம் செய்யும் கம்பெனி. கொரோனாவில் ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அரிமளம் பக்கம் தோட்டத்து வீட்டில், அம்மா சொர்ணவல்லியோடு இருந்துகொண்டே வேலை பார்க்கிறாள். இப்போது செய்யும் விளையாட்டில் வீரன் ஒருவன் மந்திரக் காட்டைத் தாண்டிப் போக வேண்டும். துணைக்கு ஒரே ஒரு நாய். வழியெல்லாம் பூதம், விஷப்புகை, மிதித்தால் வாயைத் திறக்கும் தரை. வெளிநாட்டு நாய்களையே எல்லாரும் போட்டுச் சலித்துவிட்டது, நம்ம ஊர் நாய்களில் எது அந்தக் காட்டில் தாக்குப்பிடிக்கும் என்று பார்த்து வரையச் சொன்னார்கள். கரும்பு தின்னக் கூலியா என்று பிரகதி உட்கார்ந்துவிட்டாள்.

"கோம்பை ஓகே. சிப்பிப்பாறை ஓகே. இந்த வெள்ளை நாய் எதுக்குங்க? இருட்டுல டியூப்லைட் மாதிரி தெரியும். முத லெவல்லயே காலி."

"அது எதுக்கும் பயப்படாது சார்."

"அதான் பிரச்சனையே. பயப்படாததெல்லாம் சீக்கிரம் செத்துரும்." அவர் சிரித்தார். "சரி, ஓடுற வீடியோ எடுக்கிறேன்னீங்களே, அதை அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

வீடியோவில் ஓடுவது மைனர். வரைந்த படமும் அவனைப் பார்த்து வரைந்ததுதான். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, மாப்பிள்ளை முறுக்கு. குட்டியாக வாங்கி வந்த முதல் வாரமே, அடுக்களையில் எவர்சில்வர் அண்டா உருண்டு விழுந்து ஊரே திரும்பிப் பார்த்தது. மைனர் மட்டும் அண்டாவுக்குப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டான். அன்றைக்குத்தான் தெரிந்தது, அவனுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. இந்த வெள்ளை ரகத்தில் அப்படிப் பிறப்பது உண்டாம். "காது கேக்காத நாயிக்குப் பேரு ஒரு கேடா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மைனர் என்று பேர் வைத்ததும் அவள்தான், வாய் ஓயாமல் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவளும் அவள்தான்.

பிரகதி அவனுக்குக் கையால் பேசக் கற்றுக்கொடுத்தாள். நின்று, வலது உள்ளங்கையை விரித்துத் தாழ்த்தினால், வாயில் இருக்கும் பந்தைக் கொண்டுவந்து அதில் வைப்பான். பல் படாமல், கோழி முட்டையை வைப்பதுபோல வைப்பான். கடி எழுபது என்று மார்க் போட்ட நாயின் வாய் அது. இந்த ஒரு மாதமாக வீடியோவுக்காக இன்னொன்றும் பழக்கினாள். அவள் போனைத் தூக்கிக்கொண்டு அவனை நோக்கி ஓடினால், அவன் எதிர்ப்பக்கம் பறப்பான். முன்னால் நடந்து போகிறவள் திரும்பிப் பார்த்தாலே போதும், ஆட்டம் ஆரம்பம் என்று கிளம்பிவிடுவான். அந்த ஓட்டத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், தாடைச் சதை இறுகிப் பந்து பாதியாய் நசுங்குவது தெரியும். நல்ல ஷாட் என்று அவளுக்கு அதில் பெருமை.

இன்றைக்கும் கூட்டம் தொடங்குவதற்கு முன்பு அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். வீசிய இளம்பச்சைப் பந்து கொஞ்சம் வேகமாகப் போய், மேற்கு வேலியைத் தாண்டித் தங்கமுத்துவின் கடலைக் கொல்லையில் விழுந்தது. மைனர் வேலியைத் தாண்டிக் குதித்தான். அதற்குள் சென்னையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. பந்து கிடைக்காமல் வரமாட்டான், கிடைத்ததும் தானே வந்துவிடுவான் என்று இவள் உள்ளே வந்துவிட்டாள்.

"பிரகதி! ஏ ஆத்தா பிரகதி!"

வாசலில் தங்கமுத்து நின்றார். மேற்கே கொல்லை வைத்திருப்பவர், அவளுக்குச் சித்தப்பா முறை. சட்டை போடாமல், துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். வேட்டியெல்லாம் செம்மண். பிரகதி கூட்டத்தில் மைக்கை அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

"ஒங்க நாயி கட்டிக் கெடக்கா?"

"இல்லயே சித்தப்பா. ஒங்க கொல்லையிலதான் பந்து தேடுறான். செடிய மிதிச்சுட்டானா?"

அவர் தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கொல்லையில வெடி வெச்சிருக்கேன்த்தா."

பன்றி வெடி, கடித்தால் வாயிலேயே வெடிப்பது. கடலை காய் பிடித்ததிலிருந்து தைலமரக் காட்டுக்குள்ளிருந்து காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து கொல்லையை உழுது போட்டுக்கொண்டிருந்தன. அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். கொல்லையைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டினார், தகர டப்பா தட்டினார், பரண் போட்டுக் காவல் இருந்தார். பன்றிக்குப் புடவையும் தெரியவில்லை, டப்பாவும் தெரியவில்லை. கடைசியில் எவனோ ஒருவனிடம் உருண்டைகளை வாங்கிவந்து, கோழிக் கொழுப்பைத் தடவி வைத்திருக்கிறார். பிடிபட்டால் ஜெயில். அதனால் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. அந்த உருண்டை என்ன செய்யும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு சினைமாடு மேய்ச்சலில் ஒன்றைக் கடித்துவிட்டது. கீழ்த்தாடை போய்விட்டது. தண்ணீர்த் தொட்டியில் முகத்தை வைக்கும், குடிக்க முடியாமல் எடுக்கும். நின்றபடியே நின்று செத்தது அந்த மாடு. பிரகதி போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"காலையில எல்லாத்தையும் பொறுக்கிட்டேன். ஒன்னு மட்டும் காணோம். நரி, கீரிப்புள்ள எதுவும் உருட்டிட்டுப் போச்சோ என்னமோ. வெடிச்சிருந்தா சத்தம் கேட்டிருக்கும்ல? இவ்வளவு நேரமும் அதத்தான் தேடிக்கிட்டுக் கெடந்தேன். நிமுந்து பாத்தா வெள்ளையா ஒன்னு துள்ளுது. எனக்குக் கொல நடுங்கிப்போச்சு."

"எம்புட்டுப் பெருசு சித்தப்பா அது?"

அவர் விரல்களைக் குவித்துக் காட்டினார். அவள் வீசிய பந்தின் அளவுதான் இருந்தது.

செருப்புப் போடக்கூடத் தோன்றவில்லை. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கொல்லைக்குள் கொஞ்ச தூரம் போனதும் சட்டென்று நின்றுவிட்டாள். சாய்ந்த வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கணுக்கால் உயரக் கடலைச் செடிகள் மேற்கே தைலமரங்கள்வரை பச்சையாகப் படுத்திருந்தன. அந்தக் கடைசியில், புடவை கட்டிய வேலியோரம், மைனர் தலையைத் தாழ்த்தி மோந்துகொண்டிருந்தான். ஒரு செடியை மோந்தான். அடுத்ததை மோந்தான். உருண்டையாக ஒன்றை மோந்து கண்டுபிடித்து, வாயில் கவ்வி எடுத்துவர வேண்டும். அவளே பழக்கி, அவளே அனுப்பிய வேலை.

"டேய் மைனர்! வாடா இங்கிட்டு! மைனர்!" வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. தொண்டை கிழியக் கத்தினாள். தைலமரத்திலிருந்து காக்கைகள் எழும்பின. அந்த வட்டாரத்தில் காதுள்ள எல்லாமே திரும்பிப் பார்த்தது. மைனர் மட்டும் அடுத்த செடிக்குப் போனான்.

"ஓடிப்போய்ப் புடிச்சுரவாத்தா?" என்றார் தங்கமுத்து, பின்னால் வந்து மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஐயோ, வேணாம்! நீங்க அசையாதீங்க!"

ஓடினால் அவன் ஓடுவான். வாயில் எதுவும் இருந்தால் இறுக்கிக் கடித்துக்கொண்டு ஓடுவான். அந்தத் தாடை இறுகுவது இப்போது அவள் கண்ணுக்குள் மெதுவாக ஓடியது. கல்லெறிந்தாலும் அதேதான். வேறு பந்து எடுத்துக் காட்டலாமென்றால் இருந்த ஒரே பந்து இந்தக் கொல்லையில் எங்கோ கிடக்கிறது. பாவி, பாவி, என்று அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். நல்ல ஷாட் வேண்டுமாம். சென்னையில் ஒருத்தன் தலையாட்டுவதற்காக, கட்டிக் கிடந்த பிள்ளையை அவிழ்த்துவிட்டு, ஓடுடா ஓடுடா என்று பழக்கினாளே!

மைனர் தலையை நிமிர்த்தினான். அவளைப் பார்த்துவிட்டான். வால் ஒருதரம் ஆடியது. முன்னங்கால்களை அகட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, ஆட்டத்துக்குத் தயாராக நின்றான். அவள் ஓர் அடி முன்னால் வைத்தால் போதும், பறந்துவிடுவான்.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவள் முதுகைக் காட்டி வீட்டைப் பார்த்து நடந்தால் அவன் பின்னால் வருவான். குட்டியிலிருந்தே அப்படித்தான். காது கேட்காததால் அவள் கண்ணைவிட்டு மறைவது அவனுக்குப் பொறுக்காது. ஆனால் பந்தில்லாமல் வரவும் மாட்டான். இரண்டில் எது ஜெயிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பினாள். வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

எதிரே வேலியோரம் அம்மா நின்றாள். கத்துவதை நிறுத்திவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். தங்கமுத்து வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர்கள் கண்ணில் வெயில் அடித்ததால் இருவரும் நெற்றிக்குக் கை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "வர்றானாம்மா?" என்று கேட்டாள். அம்மா நெற்றிக் கையை இன்னும் இறக்கிக் கண்ணைச் சுருக்கினாள்.

அவளுடைய நிழல் முன்னால் நீளமாகப் போனது. அதன் தலை வேலியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். செடி சலசலக்கிறதா? காற்றா? ஒவ்வோர் அடிக்கும் முதுகு கூசியது. இப்போது வெடிக்கும், இதோ இப்போது, என்று தோள்கள் தாமாகவே காதுவரை ஏறின. சென்னைக்குத் தொண்ணூறு என்று சொன்ன காது அவளுக்கே வேண்டியிருந்தது. சாமி, அரியநாயகித் தாயே, அவனைப் பந்தில்லாமல் அனுப்பு. ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் அவன் வெறும் வாயோடு வரட்டும்.

செடி சலசலத்தது. காற்று இல்லை. நாலு கால் ஓசை, துள்ளி வருகிற ஓசை. அவளுடைய நிழலுக்கு வலப்பக்கத்தில் தரையிலிருந்து இன்னொரு நிழல் முளைத்தது. முதலில் மடிந்த காது. பிறகு நீண்ட மூக்கு. பிறகு மைனரின் முழுத் தலை, அவள் இடுப்பு நிழலுக்குப் பக்கத்தில்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எஞ்சாமி" என்றாள். அப்போதுதான் நிழலின் வாயைக் கவனித்தாள். அதில் உருண்டையாக ஏதோ இருந்தது.

நின்றாள். நிழலும் நின்றது. நிழலுக்கு நிறம் கிடையாது. அது இளம்பச்சைப் பந்தாக இருக்கலாம். திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் திரும்பினால் ஆட்டம். கடித்துக்கொண்டு ஓடுவான்.

"ஆத்தா, வாயில என்னமோ..." வரப்பிலிருந்து எழுந்த தங்கமுத்துவின் குரல் அறுந்தது. "வெயில்ல ஒன்னும் தெரியலயே, கருப்பாத்தான் தெரியுது. கைய நீட்டிராதத்தா! நீ இங்கிட்டு ஓடியாந்துரு! நாயிதானே!"

நாய்தானே. அவள் இடது கையைப் பின்னால் நீட்டி விரித்தாள். படம் வரையாத கை. எவ்வளவு பயந்தாலும் புத்தி அந்தக் கணக்கைப் போட்டுவிட்டது, அவளுக்கே அசிங்கமாக இருந்தது. நிழல் அசையவில்லை. இடது கை அவனுக்குத் தெரியாத பாஷை. தலையைச் சாய்த்துப் பார்த்தான். ஓரடி பின்வாங்கினான். வாய் நிழலில் தாடை ஒருமுறை அசைந்தது. பந்தாக இருந்தால் சலிப்பு வரும்போது அப்படித்தான் மென்று கடிக்க ஆரம்பிப்பான்.

"பிரகதீ!" என்று அம்மா அலறினாள்.

பிரகதி இடது கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். வலது கையைத் தாழ்த்தினாள். எப்போதும் போல, அவசரம் இல்லாமல், உள்ளங்கையை மேலே பார்க்க விரித்தாள். கை ஆடினால் அவனுக்குப் புரியாது என்று பல்லைக் கடித்து விரல்களை அசையாமல் வைத்தாள். செம்மண்ணில் நிழல் ஓரடி முன்னால் வந்தது, தலையைக் குனிந்தது. சூடான மூச்சு முதலில் மணிக்கட்டில் பட்டது, அப்புறம் உள்ளங்கையில். அவள் விரல்களை இன்னும் கொஞ்சம் அகல விரித்துக் கொடுத்தாள்.