போட்டாட்டம்

கடலுக்குப் போய் வந்தவனுக்குக் கரையிலும் கால் ஆடும். எங்கள் குப்பத்தில் அதைப் போட்டாட்டம் என்போம். அரை நாளில் சரியாகிவிடும். இது எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் எத்திராஜ் துரைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாலு வயசு மோகனப்ரியாவைப் படகில் கூட்டிப் போனார். திங்களன்று அவள் தள்ளாடி நடந்தாள். போட்டாட்டமாம், மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தரணுமா என்று மார்தட்டினார். செவ்வாயும் ஆடினாள். குப்பமே கூடிச் சிரித்தது. இரண்டு வாரம் முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்து போனது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. புதனன்று எழுப்பினால்கூடத் தூங்கி விழுந்தாள். தெருமுனை கிளினிக் மகராசன் நாற்காலியை விட்டு எழாமலே வயிற்றுப் பூச்சிக்கு மருந்து எழுதினார். படித்த லட்சணம் அவ்வளவுதான்.

வெள்ளியன்று சோற்றுக்கு நீட்டிய கை, தட்டை விட்டுத் தரையைத் தடவியது. அள்ளிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் மெஹ்னாஸ் எப்போதிலிருந்து என்று கேட்டார். நேற்றிலிருந்துதான் என்றார் எத்திராஜ். புயலுக்கு அஞ்சாத வீரர், திட்டு விழும் என்று பயந்து புளுகினார். சட்டென்று வந்ததா, நாளுக்கு நாள் ஏறியதா என்று தெரிந்தால்தான் நோயைப் பிரித்தறிய முடியும் என்று டாக்டர் மறுபடி கேட்டார்.

"பொய் சொல்லுது மேடம். கொயந்த அஞ்சு நாளா ஆடிக்கினுதான் கீது. முன்னாடி ஜுரமும் வந்துச்சு," என்றேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். காய்ச்சலுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை நரம்புகளின் மேலுறையைத் தாக்கிப் புண்ணாக்கும் என்றார் டாக்டர். ஸ்டீராய்டு ஏற்றினால் பெரும்பாலும் தேறுவார்கள், பார்வையை மட்டும் இப்போதே சொல்ல முடியாது என்றார்.

நாலாம் நாள் மோகனப்ரியா பிஸ்கட்டைப் பார்த்து எடுத்துத் தின்றாள். பயம் தெளிந்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது. வார்டே கேட்க எத்திராஜைக் கிழித்தேன். பெற்ற பிள்ளையை வேடிக்கை பார்த்தவன் மனுஷனா என்றேன். அவர் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்.

அப்போது டாக்டர் வந்தார். முதலில் எப்படி நடந்தாள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வீடியோ ஏதாவது உண்டா என்றார். எத்திராஜ் போனை நீட்டினார். செவ்வாய்க்கிழமை எடுத்தது. குழந்தை இடது காலை இழுத்து இழுத்து நடந்து குப்புற விழுகிறாள்.

"இன்னொரு வாட்டி ஆடுடி என் தங்கம்," என்று விழுந்து விழுந்து சிரித்தது என் குரல்.