மாடி ஏறத் தடை

நீதிபதி எழில்மதி காரைக்காலுக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் அவள் ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை, ஒரு கடையில் நின்று டீ குடித்ததில்லை. இன்றைக்கு யார் வீட்டில் கை நனைத்தாலும் நாளைக்கு அந்த ஆள் வழக்குக் கட்டோடு எதிரே வந்து நிற்பான் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவள் நல்ல மாணவி, அப்படியே பிடித்துக்கொண்டாள். கத்தரிக்காய்கூட கோர்ட் டவாலி கருப்பையன்தான் வாங்கி வரவேண்டும். கத்தரிக்காய்க்காரன் கட்சிக்காரனாக இருந்து தொலைத்தால்?

மாவட்ட நீதிபதி பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. இன்னும் ஒரு வருடம் கறுப்புப் புள்ளி விழாமல் ஓட்டினால் போதும். பிள்ளைதான் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம். திருச்சியில் ஒரு டாக்டர், சென்னையில் இரண்டு. கடைசி டாக்டர், "டென்ஷன் ஆகாம இருங்க" என்றார். நீதிபதியைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது?

அவள் கோர்ட்டில் ஒரு மொட்டைமாடி வழக்கு இருந்தது. காசியம்மாவின் புருஷன் செத்தபிறகு, வீட்டு மாடி யாருக்கு என்று அவளுக்கும் கொழுந்தன் பூமிநாதனுக்கும் தகராறு. வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் அந்த மாடி யாருக்கும் வேண்டாம். மாங்கனித் திருவிழா அன்றைக்கு மட்டும் இரண்டு பேருக்கும் வேண்டும். அன்றைக்குச் சாமி ஊர்வலம் வரும்போது வேண்டுதல் பலித்தவர்கள் மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். பிள்ளை இல்லாதவர்கள் கீழே நின்று பிடிப்பார்கள்; அதைப் புருஷனும் பெண்டாட்டியும் தின்றால் பிள்ளை பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. போன வருடம் இந்த இருவரும் சாமியை விட்டுவிட்டு ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். அதனால் தீர்ப்பு வரும்வரை திருவிழா அன்றைக்கு இரு தரப்பும் மாடி ஏறக் கூடாது என்று எழில்மதி உத்தரவு போட்டாள். அந்த வீட்டை அவள் கண்ணால் பார்த்ததில்லை. காகிதத்தில் பார்த்ததோடு சரி.

திருவிழாவுக்கு முதல் நாள் நடத்தை விதிகளை எடுத்து இன்னொரு தடவை படித்தாள். மாம்பழம் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் புடவைத் தலைப்பை முக்காடாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊர்வலம் வரும் வீதியில் ஒரு வீட்டுச் சுவரோரம் போய் நின்றாள். சாமி தெருமுனையில் திரும்பியதிலிருந்து தாண்டிப் போகும்வரை அங்கேயேதான் நின்றாள். சுற்றிலும் ஒரே தள்ளுமுள்ளு. பழம் கேட்க வெட்கமாக இருந்தது, கேட்காமல் திரும்பவும் மனசில்லை. சாமி எதிரே வந்தபோது தலைக்கு மேலிருந்து ஒரு பழம் நேராக அவள் லேசாக விரித்திருந்த மடியில் வந்து விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் மாடியில் காசியம்மா! கதவைப் பார்த்தாள். அவள் போட்ட உத்தரவின் நகலை அதில் ஒட்டியிருந்தார்கள்.

திங்கட்கிழமை பூமிநாதன் மனு போட்டான். உத்தரவை மீறி மாடி ஏறி, இரண்டு கூடைப் பழம் வீசி, "கோர்ட்டாவது கீர்ட்டாவது" என்று காசியம்மா கத்தினாளாம். மூன்று மாதம் சிறை வேண்டுமாம். விசாரணைக்கு ஐந்து சாட்சிகள் வந்தார்கள். ஐந்து பேரும் இரண்டு கூடை என்றார்கள். ஒருவன் பழத்தை எண்ணியே வைத்திருந்தான்.

காசியம்மா கூண்டில் ஏறினாள். பூமிநாதனின் வக்கீல் நூருல் அமீன் கேட்டார்: "மாடி ஏறுனீங்களா, இல்லியா?"

"ஏறுனேங்க. வருசா வருசம் செய்யறது. சாமிக்கு ஒண்ணாவது காட்டணும்னு ஒரே ஒரு பழம் எடுத்துட்டுப் போனேன்."

"அதையும் வீசிட்டீங்க."

"கீழ ஒரு பொண்ணு நின்னுச்சுங்க. மத்ததெல்லாம் தாவித் தாவிப் புடிக்குது. இது மட்டும் மடிய லேசா விரிச்சுக்கிட்டு, யாராவது பாத்துருவாங்களோன்னு ஒதுங்கி நின்னுச்சு. பாவம், எனக்கு மனசு கேக்கல."

"யாரு அந்தப் பொண்ணு?"

"தெரியலீங்க. முக்காடு போட்டிருந்துச்சு."

"முக்காடு போட்ட பொண்ணு!" என்று நூருல் அமீன் சிரித்தார்.

எழில்மதி சாட்சிகளின் வாக்குமூலத்தைப் புரட்டினாள். ஐந்து சாட்சியை நம்பாமல் விட என்ன காரணம் எழுதுவது? சொந்தக் காரணம் என்று வழக்கை வேறு கோர்ட்டுக்குத் தள்ளிவிடலாம். அங்கேயும் இதே ஐந்து பேர் வருவார்கள், இதே இரண்டு கூடை வரும். இந்தப் பொம்பளை ஜெயிலுக்குப் போவாள். எதற்காக? தன்மேல் இரக்கப்பட்டதற்காக.

"அந்தப் பொண்ணு நான்தான்" என்றாள்.

பெஞ்ச் கிளார்க் நஜீபா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"இதையும் அடிங்க நஜீபா. விழுந்தது ஒரே பழம். சாமி தாண்டிப் போற வரைக்கும் அங்கதான் நின்னேன், அந்த மாடியிலேர்ந்து வேற பழம் வரல. யாரும் கத்தல. நான் சாட்சி ஆயிட்டதால இந்த வழக்க நான் விசாரிக்க முடியாது. எந்தக் கோர்ட்டுக்கு மாத்தினாலும் அங்க வந்து சாட்சி சொல்றேன்."

பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பதவிமேல் அவளுக்குக் கொள்ளை ஆசை.

நூருல் அமீன் மெதுவாக எழுந்தார். "அம்மா... அந்தப் பழத்த சான்றுப் பொருளாத் தாக்கல் பண்ணணுமே."

"முடியாது. சாப்பிட்டுட்டேன்."

ஐந்து சாட்சிகளும் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கூண்டில் நின்ற காசியம்மாவுக்கு அவர்கள் ஞாபகமே இல்லை, ஜெயில் ஞாபகமும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"நீங்க மட்டுமாம்மா சாப்பிட்டீங்க? ஊட்டுக்காரருக்குக் குடுக்கலியா?"

கட்சிக்காரர் நீதிபதியைக் கேள்வி கேட்கக் கூடாது. நூருல் அமீன் ஆட்சேபிக்கவில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருந்தார்.

"பாதி குடுத்தேன்" என்றாள் எழில்மதி.

"அப்பச் சரி" என்றாள் காசியம்மா.

பதவி கைவிட்டுப் போன அந்த நிமிஷத்திலும் எழில்மதிக்கு அப்பாடா என்றிருந்தது.