அலறாதவளுக்குச் சீட்டில்லை

வடக்கு சிலாங்கூருக்கு மருத்துவ அறிவை முதன்முதலாகக் கொண்டுவந்தவன் நான்தான். இதில் தற்பெருமை எதுவும் இல்லை. 1987-இல் கோலாலம்பூர் கல்லூரியிலிருந்து விடுமுறைக்குச் சுங்கை ஆயர் தாவார் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது, என் சட்டைப்பையில் அக்காவின் நோயைப் பற்றிக் கோலாலம்பூர் பெரிய டாக்டர் எழுதிய கடிதம் இருந்தது. அதுவரை அங்கே இருந்தது டிரசர் சிவானந்தம் மட்டுமே.

டிரசர்தான் தோட்ட மருந்தகத்தை நடத்துபவர். அவர் விடுப்புச் சீட்டு எழுதினால் நோய், எழுதாவிட்டால் சோம்பல். சீட்டில்லாமல் மூன்று நாள் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், நிற்காதவரின் பெயரை வேலை மேற்பார்க்கும் மண்டோர் அடித்துவிடுவார். பெயர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். எங்கள் வீடு அக்கா கங்காவின் பெயரில் இருந்தது. அவளுக்கு இரண்டு நாள் போய்விட்டது.

அவளுடைய ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து குழாய்களை அடைக்கும். ஆறு வயதிலிருந்து எலும்புக்குள் வலி. இப்போது இருபத்துநான்கு. வலியைத் தாங்கக் கூரைப் பலகைகளை எண்ணுவாள். ஒரு வருடமாக, இருபதைத் தாண்டியதும் எண் மறந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

அம்மாவும் நானும் அவளை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனோம். வராண்டாவில் தோட்டத்து ஆள் சன்னாசி, கணுக்கால் சுளுக்குக்காக, "ஐயோ சாமி, உசிரு போவுதே!" என்று தரையில் புரண்டார். இரண்டு நாள் சீட்டு கிடைத்தது. எழுந்து, சைக்கிளில் ஏறிப் போனார்.

"பாத்துக்கடா, அப்பிடித்தான் கேக்கணும்," என்றாள் அம்மா. "அவதான் கத்த மாட்டேங்கிறா. நீயாச்சும் கொஞ்சம் அழு."

"கூத்தாடவா வந்தேன்? மானமில்லாதவன் செய்யிற வேலைம்மா அது. நம்மகிட்ட லெட்டர் இருக்குலா."

பெஞ்சில் கங்காவின் உதடு சாம்பல் பூத்திருந்தது. "சன்னாசி அண்ணனுக்கு ஒரு பாய் விரிச்சிருக்கலாம் தம்பி," என்று சிரித்தாள்.

டிரசர் கண்டுவிட்டார். "சிரிக்கிறா பாரு! வலிக்காரி சிரிப்பாளா?"

நான் கடிதத்தை நீட்டினேன். "படிங்க சார். வருஷக்கணக்கா வலிச்சா மூளையே மாறிடும்னு எழுதியிருக்கு. சின்னச் சின்ன ரத்தக் குழாய் அடைச்சு ஞாபகமும் போகும். சும்மா உக்காந்திருக்கிறதால வலி இல்லைன்னு நினைக்கக் கூடாதுன்னும் இருக்கு."

"மூளை மாறிடுச்சா? அப்ப தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. எங்கிட்ட ஏன் வந்தே?"

"பதினெட்டு வருஷமா வலிக்குது சார்! எத்தனை வருஷம் கத்துவா? நீங்க ஒரு நாள் தாங்குவீங்களா? சுளுக்குக்கு ரெண்டு நாள், இவளுக்கு ஒண்ணுமில்லையா?"

"நான் முப்பது வருஷமா வலியைப் பாக்கிறேன். வலி வாயில இருக்கும். கத்தட்டும், எழுதுறேன்."

கடிதத்தை ஒரு வரிகூடப் படிக்காமல், அதன் மேல் தன் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

"விடு தம்பி. நாளைக்குப் பெரட்டுல நின்னுக்கிறேன்," என்று கங்கா எழுந்தாள். இடது முழங்கால் மடிந்தது. சத்தமே இல்லாமல் பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு, மறுபடி எழ முயன்றாள். நாளைக்கு இவள் நிற்பாள். செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கக் குனிவாள். பிறகு எழ மாட்டாள்.

நான் வாசல் குழாய்க்குப் போனேன். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். தலையைக் கலைத்தேன். உள்ளே வந்து, டிரசரின் மேசைக்கு எதிரே சிமெண்டுத் தரையில் படுத்தேன்.

"என்னடா பண்றே?" என்றாள் கங்கா.

"நீ பேசாம இரு அக்கா."

"ஐயா," என்று ஆரம்பித்தேன். முதலில் சத்தம் வரவில்லை; பிறகு சன்னாசியைப் போலவே, "ஐயோ சாமி, எங்கக்காவுக்கு உசிரு போவுதே!" என்று அலறிப் புரண்டேன்.