நூற்று எண்பத்தேழாவது அடி

அம்பயரை யாருக்கும் பிடிக்காது, பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் பிரெய்ரி பேஸ்பால் லீகில், மட்டைக்காரன் ஆடும் பிளேட்டுக்குப் பின்னால் நான் நிற்கத் தொடங்கி ரொம்ப காலமாகிறது. கார்னெட் ஃபால்ஸ் ஊரில் என்னைத் திட்டாதவர்கள் கல்லறையில் இருப்பவர்கள் மட்டும்தான். அவர்களிலும் பாதிப் பேர் உயிரோடு இருந்தபோது வயிறாரத் திட்டிவிட்டுத்தான் போனார்கள்.

அந்தச் செப்டம்பரில், தொழிலாளர் தின விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் உட்கார இடமில்லை. மற்ற நாட்களில் எங்கள் ஆட்டத்துக்கு வருகிறவர்களைவிட சாஸேஜ் வறுக்கும் இடத்தில் நிற்கிறவர்கள் அதிகமாக இருப்பார்கள். அன்று வந்தவர்களும் ஒன்றும் ஆட்டம் பார்க்க வரவில்லை. கிளீட் வாண்டர்மோலன் அடி வாங்குவதைப் பார்க்க வந்திருந்தார்கள்.

பிட்சர் வீசும் பந்து மட்டைக்காரன் உடம்பில் பட்டால் அவன் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸ் அவனுக்கு இனாம். அப்படி அதிகம் வாங்கியவர் எங்கள் லீகில் பக் ஆல்டர்சி. நூற்று எண்பத்தாறு முறை. அதுவும் முழங்கைக்குக் கவசம் இல்லாத காலத்தில். லீகில் இனி எந்தச் சாதனை உடைந்தாலும் இது உடையாது என்று எல்லாரும் நினைத்தோம், ஏனென்றால் புத்தியுள்ள எவனும் அந்தப் பக்கமே போக மாட்டான். கிளீட் போனான். பன்னிரண்டு வருஷம் பிளேட்டை ஒட்டி நின்று, தோளிலும் தொடையிலும் முதுகிலும் வாங்கி, போன வாரம் பக்கின் எண்ணிக்கையைத் தொட்டுவிட்டான். இன்னும் ஒன்று வேண்டும். ஆனால் முட்டி போய்விட்டது, அடுத்த வருஷம் வேண்டாம் என்று கிளப் சொல்லிவிட்டது. அன்றைய ஆட்டத்தோடு அவன் கதை முடிகிறது.

ஆட்டத்துக்கு முன் கம்பிவலை ஓரம் நின்று மட்டைக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தான்.

"சமமா வந்துட்டியே, அது போதாதா?" என்று கேட்டேன்.

"போதாது. சமமா இருந்தா பேரை எழுத்து வரிசையில போடுவாங்க. ஆல்டர்சி மேல, வாண்டர்மோலன் கீழ. சாகற வரைக்கும் அந்தாளுக்கு அடியில கிடக்கணும்."

"உதை வாங்கறதுல இப்படி ஒரு ஆசையா?"

"வேற எனக்கு என்ன வரும், சொல்லுங்க. ஓட வராது. பெருசா அடிக்கவும் வராது. பெரிய லீக்ல எம்பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. பந்து வந்தா பயப்படாம நிக்க வரும். அதுல நான்தான் முதல்னு இருந்துட்டுப் போறேனே."

எனக்கு அவனைப் பிடிக்கும். அதைச் சொல்லிக்கொள்ள என் வேலையில் இடமில்லை, அதனால் மணியைப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

சிக்கல் என்னவென்றால் எதிரணி டோல்கேட். டோல்கேட்டின் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, பக் ஆல்டர்சியேதான். எழுபதைத் தொடப் போகும் மனிதர், அந்தச் சாதனையைத் தவிர ஊரில் பெருமையடித்துக்கொள்ள அவரிடம் வேறொன்றும் இல்லை. ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு முதல் பந்திலிருந்தே கத்தினார்.

"யூனியர், வெளியில போடு. அவனுக்கும் பந்துக்கும் நடுவுல ஒரு டிராக்டர் போகணும்."

யூனியர் அல்மோன்டே டோல்கேட்டின் பிட்சர், டொமினிகன் பையன், குறி தப்பாத பையன். சொன்ன இடத்தில் போட்டான். கிளீட் முதல் முறை ஆடியபோது பந்தெல்லாம் அவனுக்கு எட்டாத தூரத்தில் போயின. கூட்டம் ஊளையிட்டது.

நான்காவது இன்னிங்ஸில் ஒரு பந்து யூனியர் கையிலிருந்து நழுவி உள்ளே வந்தது. கிளீட்டின் முழங்கையில் பட்டது. மைதானமே எழுந்து நின்றது. கிளீட் மட்டையைப் போட்டுவிட்டு இரண்டடி வைத்திருப்பான். நான் கையைத் தூக்கினேன்.

"திரும்பி வா."

"பட்டுது."

"பட்டுது. நீ விலகப் பார்க்கல. முழங்கையைக் கொண்டுபோய் நீட்டின. விலகப் பார்க்காதவனுக்கு பேஸ் கிடையாது, இது உனக்குத் தெரியாதா?"

"நீட்டல. நின்ன இடத்துல கல்லு மாதிரி நின்னேன்."

"கல்லுக்கும் பேஸ் கிடையாது. போய் நில்லு."

அவன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். என் பிறப்பு வளர்ப்பு பற்றி ஏதோ ஆரம்பித்தான்.

"கிளீட், இன்னிக்கு இனிமே உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்துது, வெளிய அனுப்பிடுவேன். அப்பறம் சாதனையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

வாயை மூடிக்கொண்டான். முதல் வரிசையில் பல் டாக்டர் ஹெட்டி குவாம் எழுந்து என்னைப் பார்த்து, "ஓரின், கொஞ்சம் வாயைத் திற, கண்ணு அங்க இருக்கான்னு பார்க்கறேன்," என்றாள். போன மாதம்தான் அவளிடம் கடைவாய்ப்பல் அடைத்துக்கொண்டேன். நான் சொன்ன தீர்ப்பு சரி. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எங்கள் ஆட்டக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பந்து பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் வலிக்கிறது என்று பிட்சருக்குச் சொன்ன மாதிரி. பக் தன் காலத்தில் ஒருமுறைகூடத் தேய்த்ததில்லை. கிளீட்டும் அப்படித்தான், விலா எலும்பு விரிசல் விட்ட அன்றுகூட சட்டையைத் தொடாமல் பேஸுக்கு ஓடினான். யாருக்காவது மூச்சு வாங்க நேரம் வேண்டுமென்று அம்பயர்களான எங்களுக்குத் தோன்றினால், குனிந்து பிளேட்டைத் துடைப்போம். தூசி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

எட்டாவது இன்னிங்ஸில் கிளீட் கடைசி முறையாக வந்து நின்றான். வாய் திறக்கவில்லை. பிளேட்டின் ஓரத்தில் காலை ஊன்றி, புழுதியைக் கிளறி, இங்கிருந்து என்னைக் கிளப்புங்கள் பார்ப்போம் என்பது போல நின்றான். யூனியர் களைத்திருந்தான். இரண்டு பந்து வெளியே போயிற்று. மூன்றாவது கையை மீறி, நேராக அவன் மார்புக்கு வந்தது. கிளீட் இந்த முறை விலகினான். உடம்பைத் திருப்பி, கைகளை நெஞ்சோடு இழுத்து, முழு மனசோடு விலகினான். டொக் என்று ஒரு சத்தம். பந்து கோட்டுக்கு வெளியே உருண்டது.

மட்டையில் பட்ட சத்தம்தான் எனக்குக் கேட்டது. மட்டையில் பட்டு கோட்டுக்கு வெளியே போன பந்துக்கு பேஸ் கிடையாது. இரண்டு கையையும் உயர்த்தினேன். "ஃபவுல்."

கிளீட் என்னைப் பார்த்தான். உதடு பிரிந்து, மறுபடி மூடிக்கொண்டது. பிறகு மட்டையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்துக்கு நின்றான்.

அப்போது பக் டக்அவுட்டிலிருந்து ஏறி வந்தார். கூட்டம் ஊவென்று கத்தியது, எவனோ சோளக்கட்டையை விட்டெறிந்தான். கிளீட்டை இன்னும் என்ன செய்யப் போகிறாய் கிழவா என்று எனக்கும் எரிச்சலாக வந்தது.

"என்ன வேணும், பக்?"

"அது மரமில்ல, ஓரின். எலும்பு."

"மரச் சத்தம் கேட்டுது எனக்கு."

"மட்டைக்கும் பந்துக்கும் நடுவுல விரல் மாட்டினா மரமும்தான் சத்தம் போடும். அவன் கையைப் பாரு."

"அவன் ஒண்ணும் சொல்லலியே. தேய்க்கக்கூட இல்ல."

"நீதான் வாயை மூடச் சொல்லிட்டே. தேய்க்கறதை அவன் எப்பவோ விட்டாச்சு. அப்பறம் உனக்கு எப்படித் தெரியும்?" பக் என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சண்டை என்றே நினைத்திருப்பார்கள். "மட்டையைத் திரும்பப் பிடிச்சான் பாரு, சுண்டு விரல் மட்டும் தனியா நின்னுது. எத்தனை வாட்டி நான் அப்படிப் பிடிச்சிருக்கேன் தெரியுமா? எனக்கா அது தெரியாது?"

"பக், நான் பேஸ் கொடுத்தா உன் சாதனை போச்சு."

"தெரியும்டா. நீ ஒண்ணும் எனக்குக் கணக்குச் சொல்ல வேணாம். நான் தானம் பண்ண வரல. மத்தியானத்துலேர்ந்து தொண்டை கிழியக் கத்தறேன், வெளியில போடு வெளியில போடுன்னு. உள்ள வந்துடுச்சு. பட்டுடுச்சு. பட்டதை இல்லைன்னு சொல்லி நான் ஒண்ணும் முதல்ல இருக்க வேணாம்."

கிளீட் பக்கம் திரும்பினேன். "கையுறையைக் கழட்டு. பேசலாம் நீ, அனுப்ப மாட்டேன்."

"பேசச் சொன்னா பேசறேன். பட்டுது. விலகினேன்." கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான். சுண்டு விரல் பக்கவாட்டில் வளைந்து, நீலமாகப் போயிருந்தது.

முதல் பேஸைச் சுட்டிக் காட்டினேன். அதற்கப்புறம் எழுந்த சத்தத்தில் ஹெட்டி என்னைப் புகழ்ந்தாளா திட்டினாளா என்று தெரியவில்லை. உனக்குப் பதில் வேறு ஆளை ஓட விடலாம் என்று அவன் அணியிலிருந்து கத்தினார்கள். "நானே போறேன்," என்றான் கிளீட்.

பக் அவனை வழியில் நிறுத்தினார். "இனிமே தேய்ச்சுக்கடா. யாரும் உன்னை முந்தப் போறதில்ல."

"பேஸைத் தொட்டுட்டு யோசிக்கறேன்," என்றான் அவன். அந்த முட்டியோடு ஓடினான். தொட்டான். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேஸின் மேல் நின்றான். தேய்க்கவில்லை.

ஆட்டத்தைத் தொடங்கச் சொல்ல டோல்கேட் டக்அவுட்டைப் பார்த்தேன். பெஞ்சின் கோடியில் பக் உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள் கையை விட்டு இடது விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளை. பிறகு முழங்கையை, மெதுவாக, சுற்றிச் சுற்றி.

நான் பிரஷை எடுத்துக் குனிந்து பிளேட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.