ரோதைக்குப் பூட்டு

பழைய ஜீப் வைத்திருப்பவனை எங்கே பார்த்தாலும் ஊர்க்காரர்கள் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "எத்தனை குடுக்குது?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். "பரவால்லைங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது. என் ஜீப்புக்குக் கொடுக்கிற பழக்கமே கிடையாது, வாங்கிக்கொள்கிற பழக்கம்தான்.

நான் சுரேந்திரன். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். வேலையை விட்டபோது கைக்கு வந்ததில் இந்த ஜீப்பை வாங்கினேன். எங்கள் காலனிக்குப் பஸ் இறங்காது, மேல் ரோட்டோடு திரும்பிவிடும். காய்ச்சல்காரர், கர்ப்பிணி, ரேஷன் அரிசி, பச்சை இலை மூட்டை என்று எல்லாமே ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும். ஒரு ஜீப் இருந்தால் ஊருக்கும் ஆகும், நமக்கும் ஆகும் என்று கணக்குப் போட்டேன். எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுத்த அந்த ஒரு நாள் சந்தோஷமாக இருந்தேன். அதற்கப்புறம் ஜீப்பைப் பற்றி நினைத்தாலே எனக்கு அலுப்புத்தான் வந்தது.

வாங்கின சூட்டோடு அரவேணுவில் மெக்கானிக் ஒச்சப்பன் அண்ணனிடம் காட்டினேன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஃபோர் வீல் லிவரு துருப்புடிச்சு இறுகிப்போச்சு. ஃபோர் வீல்லயே நிக்குது, வரமாட்டேங்குது."

"ஓட்டலாங்களாண்ணே?"

"தாராளமா ஓட்டலாம். முன் வீலு நடுவுல ரெண்டு பக்கமும் திருப்புற குமிழ் இருக்கு பாருங்க. அது ஃப்ரீல இருக்கிற வரைக்கும் முன் வீலு தம்பாட்டுக்குச் சுத்தும், பின் வீலு மட்டும்தான் இழுக்கும். லிவரப் பிரிச்சா செலவு கையக் கடிக்கும். ஃபோர் வீல் ஆசைய மறந்துட்டு ஓட்டுங்க."

மறந்துவிட்டு ஓட்டினேன். அதோடு அந்தக் குமிழ்களையும் மறந்துவிட்டேன்.

வண்டி சில நாள் நன்றாக ஓடும். சில நாள் பேய் பிடித்த மாதிரி இருக்கும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தால் திரும்ப மறுத்து அடம் பிடிக்கும், முன்பக்கம் குதிக்கும், டயர் தாரைத் தேய்த்துக்கொண்டு கத்தும். டீசலைத் தண்ணீராகக் குடிக்கும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்புகிற நாட்களில்தான் இந்தக் கூத்து அதிகம். மறுநாள் பகலில் ஒச்சப்பன் அண்ணனிடம் கொண்டுபோனால் பூனைக்குட்டி மாதிரி ஓடிக்காட்டும். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியைப் பார்க்கமாட்டார், என்னைப் பார்ப்பார்.

அப்படியும் சும்மா இருக்கவில்லை. ஸ்டியரிங் பெட்டியைப் பிரித்தோம். டயர் மாற்றினோம். முன் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகிற கிராஸ் ஒன்று உடைந்தது, அதையும் மாற்றினோம். பேய் மட்டும் இறங்கவில்லை. இதற்கு நடுவில், வாங்கும்போதே பிடிக்காத ஹேண்ட்பிரேக் பக்கம் யார் போவது? நிறுத்தும்போது கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். கல் வைப்பது வாசுகி வேலை.

வாசுகி என் மனைவி. எஸ்டேட்டில் இலை எடுக்கிறாள். எங்கள் வீடு பாதைக்குக் கீழே இருக்கிறது. பாதை முடிகிற சரிவில், தகரக் கூரைக்கு நேர் மேலேதான் ஜீப்பை நிறுத்துவேன். சமமான இடம் வேண்டுமென்றால் இந்த மலையை விட்டே இறங்கிவிட வேண்டும். தினமும் சாப்பிட்டு முடித்ததும் அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போவாள். திரும்பி வந்து, "ஏனுங்க, ரோதையப் பூட்டியாச்சு" என்பாள். ரோதை என்றால் சக்கரம். சிலோன் எஸ்டேட்டிலிருந்து அவள் அப்பா கொண்டுவந்த வார்த்தை, அவளும் விடவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்ததைச் சொல்கிறாள் என்று நானும் 'ம்' கொட்டிவிட்டுப் படுத்துவிடுவேன்.

போன மாதம் என்னால் முடியவில்லை. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். விற்றால் எனக்கு இங்கே பிழைப்பில்லை. ஃபேக்டரியில் திரும்ப எடுக்கமாட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலை இருப்பதாகத் தெரிந்தவர் சொல்லியிருந்தார், தங்க இடமும் கொடுப்பார்களாம். மகள் பிரியா கோத்தகிரியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளையும் வாசுகியையும் விட்டுவிட்டு நான் மட்டும் போகவேண்டும்.

வாசுகியிடம் சொன்னேன். அடுப்படியில் உட்கார்ந்தபடியே கண் சொருகிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "உங்க இஷ்டமுங்க" என்றாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. கொஞ்ச காலமாகவே அவள் அப்படித்தான் இருந்தாள், சோற்றைக் கிளறிக்கொண்டே தூங்கினாள். இலை எடுக்கிற அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். அதனாலேயே, விடியுமுன் டிரிப் இருந்தால் அவளை எழுப்பமாட்டேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வெளியேறுவேன்.

கோத்தகிரி புரோக்கர் இசக்கிமுத்து ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்றும் அவளை எழுப்பாமல் வண்டியை ஓடைப் பக்கம் கழுவக் கொண்டுபோனேன். அந்தக் கொஞ்ச தூரத்திலேயே ஸ்டியரிங் என் தோளைக் கழற்றியது. போகிற நாளிலாவது ஒழுங்காக இருந்து தொலையேன் என்று வாய்விட்டுத் திட்டினேன்.

முன் சக்கரத்துச் சேற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது குமிழ் கண்ணில் பட்டது. சுற்றிலும் சேறு அப்பியிருந்தது. குமிழ் மட்டும் கை பட்டுத் தேய்ந்து சுத்தமாக இருந்தது. அம்புக்குறி லாக் என்ற எழுத்தில் நின்றது. ஓடிப்போய் அடுத்த பக்கம் பார்த்தேன். அதுவும் லாக். ஃப்ரீக்குத் திருப்பினேன், வெண்ணெயாகத் திரும்பியது. தொடாத குமிழ் அப்படித் திரும்பாது.

லிவர் ஏற்கெனவே ஃபோர் வீலில் இறுகிக் கிடக்கிறது. குமிழும் பூட்டியிருந்தால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேற்றில் அது வரம், தார் ரோட்டு வளைவில் வண்டியையே முறித்துவிடும். இத்தனை நாளாக நான் ஓட்டியது அதைத்தான். திரும்பும்போது ஒற்றைக் கையால் ஓட்டினேன். சந்தோஷத்தை விடக் கோபம் அதிகமாக இருந்தது. எவனோ வேண்டுமென்றே செய்திருக்கிறான். விலையை இறக்க அந்தப் புரோக்கரே ஆள் வைத்திருப்பானோ என்றுகூட நினைத்தேன்.

வாசுகி பாதையிலேயே நின்றிருந்தாள். தலைகூட முடிந்திருக்கவில்லை.

"எவனோ நம்ம வண்டில கை வெச்சிருக்கான் வாசுகி. முன் வீல் ரெண்டையும் லாக் பண்ணி வெச்சிருக்கான்."

"நான்தானுங்க பூட்டுனேன்."

எனக்குப் புரியவில்லை.

"தெனமும் சொல்றனே, ரோதையப் பூட்டியாச்சுன்னு. நீங்களும் ம்-ங்கறீங்க. கல்லு வெச்சுப்போட்டு அதையும் பூட்டுவேன். லாக்குனா பூட்டுத்தானுங்க? அதுகூடவா எனக்குப் படிக்கத் தெரியாது? காலைல வேலைக்குப் போறப்ப தொறந்துட்டுப் போவேன்."

"நான் இருட்டோட கெளம்புற அன்னிக்கு?"

"நீங்க தொறந்துட்டுப் போவீங்கன்னு இருந்தேன்."

நான் அங்கேயே சரிவில் உட்கார்ந்துவிட்டேன். பிரித்த ஸ்டியரிங் பெட்டி, புது டயர், உடைந்த கிராஸ், ஒச்சப்பன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை. எல்லாம் வரிசையாக வந்தது. "உன்னைய யாரு அதத் தொடச் சொன்னது?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அவள் கத்தவில்லை. கீழே எங்கள் கூரையைக் காட்டினாள்.

"அந்தத் தகரத்துக்கு அடியிலதான் புள்ள படுத்திருக்கா. ஹேண்ட்பிரேக்கு இல்லாத வண்டிய மேல நிறுத்திப்போட்டு நீங்க கொறட்ட உடறீங்க. மழ பேஞ்சா கல்லு வழுக்குமேன்னு நான் முழிச்சுக் கெடப்பேன். எங்கியாச்சும் கிரீச்சுன்னா ஓடியாந்து பாப்பேன். விடியற நேரத்துலதான் கண்ணு அசரும். அந்த நேரத்துல நீங்க சத்தமில்லாமப் போயிடறீங்க."

"என்னைய எழுப்பியிருக்கலாமில்ல?"

"நாளெல்லாம் ஓட்டிட்டு வந்து படுக்கறீங்க. எப்படி எழுப்பறது?"

அவள் தூங்கட்டுமென்று நான் எழுப்பவில்லை, நான் தூங்கட்டுமென்று அவள் எழுப்பவில்லை. நடுவில் வண்டி செத்துப் பிழைத்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"விக்கறதுன்னா வித்துருங்க" என்றாள். "எனக்குத் தூக்கம் வேணும். ஆனா நீங்க திருப்பூருக்குப் போனாலும் எனக்குத் தூக்கம் வராது. அதான் உங்க இஷ்டம்னேன்."

வண்டியைக் கியரில் போட்டு, இருக்கிற கல் எல்லாவற்றையும் நான்கு சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்தேன். பிறகு அவள் பார்க்கவே குமிழ் இரண்டையும் லாக்குக்குத் திருப்பினேன். லிவர் இறுகின வண்டியில் அப்படிப் பூட்டினால் கியர் முன் சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். நினைத்துப் பார்த்தால் அவள் செய்தது நிறுத்தின வண்டிக்குச் சரிதான்.

"இனிமே நானே பூட்டறேன், நானே தொறக்கறேன். நாளைக்கு மொத வேலை ஹேண்ட்பிரேக்கு. நீ போய்ப் படு."

"சமைக்கோணும்."

"பிரியாவும் நானும் பாத்துக்கறோம்."

படுத்தவள் போர்வையை இழுக்கக்கூட இல்லை, அதற்குள் தூங்கிவிட்டாள்.

இசக்கிமுத்து பத்து மணி வாக்கில் வந்தார். பாதையில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சத்தம் போடாதீங்க. ஊட்ல தூங்கறாங்க."

"ஒடம்புக்கு முடியலீங்களா?"

"இல்லீங்க. தூங்கறாங்க, அவ்வளவுதான். வண்டி இப்ப விக்கறதா இல்லைங்க. கோவிச்சுக்காதீங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார். வளைவு தாண்டின பிறகுதான் கிளப்பினார், அந்த மட்டுக்கு நல்ல மனிதர்.

மதியம் மழை பிடித்தது. பிரியா அவள் இடத்தில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். வாசுகி வாயைத் திறந்தபடி தூங்கினாள், இப்படித் தூங்குவாள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அலுப்புத் தாங்காமல் நானும் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடினேன். தகரத்தில் மழை அடித்தது. மேலே ஏதோ கிரீச்சென்றது.

டார்ச் எங்கே இருக்கிறதென்று பிரியாவிடம் கேட்டேன். "பகல்ல எதுக்குப்பா?" என்றாள். சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன்.