படகுத்துறைச் சுவரும் ஒரு மனுவும்

என் கணவர் பதித்த சுவர்ச் சித்திரத்தை உடைத்தெறியச் சொல்லி நகராட்சியில் மனு கொடுத்தது வேறு யாருமில்லை, என் கணவரேதான். கொடுத்துவிட்டு வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நகராட்சிப் பொறியாளர் அம்மா எனக்கு போன் செய்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

"ஞாயித்துக்கிழமை ஊரைச் சுத்திக் காட்டுவீங்கல்ல, நானும் வரேன். கடைசியா அந்தச் சுவரைப் பாத்துட்டு முடிவு பண்ணிடலாம். உங்க வீட்டுக்காரரும் வரணும். மனு கொடுத்தவர் நேர்ல இருக்கணும்னு விதி."

இந்த ஊரின் கட்டடங்களையும் சிலைகளையும் நடத்திக் காட்டுவது என் பிழைப்பு. படகுத்துறைச் சுவர்தான் நான் கடைசியாகக் காட்டும் இடம். கையசைக்கும் ஒரு பெண், பக்கத்தில் கலங்கரை விளக்கம், எல்லாம் விரல்நக அளவு ஓட்டுத் துண்டுகளால் ஆனது. அதில் ஒரு கோளாறு உண்டு. துண்டுகளைக் காகிதத்தில் குப்புற ஒட்டி, அப்படியே சுவரில் பதித்து, பிறகு காகிதத்தை நனைத்து உரிப்பார்கள். அதனால் படத்தை முதலிலேயே இடம் வலமாகத் திருப்பி வரைந்துகொள்ள வேண்டும். ஓவியர் முன்யோசனையோடு திருப்பியே வரைந்து கொடுத்திருந்தார். என் கணவரும் முன்யோசனையோடு இன்னொரு தடவை திருப்பினார். காகிதத்தை உரித்தபோது, வலப்பக்கம் இருக்க வேண்டிய கலங்கரை விளக்கம் இடப்பக்கம் நின்றது. இரண்டு பேரும் இத்தனை கவனமாக இல்லாவிட்டால் இந்தத் தப்பே நடந்திருக்காது.

ஆறு வருஷமாக அது அவரை அரித்துக்கொண்டிருந்தது. கடலிலிருந்து பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "சமாதானம் சொல்லாத" என்று வாயை அடைத்துவிடுவார். உடைத்துவிட்டுத் தானே கூலியில்லாமல் மறுபடி பதித்துத் தருவதாக மனுவில் எழுதியிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சுவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். தெருவின் வளைவுக்கு ஏற்பத் தானும் வளைந்து நிற்கும் அஞ்சலகத்தைக் காட்டினேன். பழைய சுங்க அலுவலகத்தில், மூட்டை தூக்கி வருகிறவர்கள் நின்று மூச்சு வாங்குவதற்காகவே அகலமாகக் கட்டிய ஏழாம் படியில் எல்லோரையும் உட்கார வைத்தேன். மீன் ஏலக்கூடத்து வாசலில் நங்கூரச் சங்கிலியால் செய்த நண்டு இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் தொட்டுத் தொட்டு அதன் ஒரு கொடுக்கு மட்டும் பளபளக்கும். தொப்பி போட்ட ஒருவர் எதைக் காட்டினாலும் "இது எத்தனை அடி?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எனக்குத் தெரியாததற்கெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

என் கணவர் கடைசியில் வந்தார். போகிற வழியில் இருந்த சுவரையெல்லாம் விரல்முட்டியால் தட்டி, உள்ளே வெற்றாக ஒலிக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு வங்கிக் காவலாளி அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

படகுத்துறையில் பொறியாளர் அம்மா சித்திரத்தைத் தடவிப் பார்த்தார். "ஒரு துண்டுகூட விழலையே. எதுக்கு உடைக்கணும்?"

"தப்பா இருக்கு மேடம். கரையில நின்னு கடலைப் பாருங்க. கலங்கரை விளக்கம் வலது கைப் பக்கம் இருக்கும்."

"மேடம், படகுல ஏறிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அக்கரை போய்த் திரும்ப அரை மணி நேரம்தான்" என்றேன்.

என் கணவர் என்னை முறைத்தார். "எனக்குப் படகு ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஏறுங்க."

எல்லோரும் ஏறினோம். போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவர் திறக்கவேயில்லை. முகம் வெளிறிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் மனம் இளகவில்லை. படகு திரும்பித் துறையை நோக்கி வந்தபோது அவர் தோளைத் தொட்டேன்.

"இப்பப் பாருங்க."

பார்த்தார். இடப்பக்கம் முனையில் நிஜக் கலங்கரை விளக்கம். நேர் எதிரே சுவரில், அதே இடப்பக்கம், அவர் பதித்தது. நடுவில் அந்தப் பெண் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த அவர் கை தளர்ந்தது.

"இது எத்தனை அடி?" என்றார் தொப்பிக்காரர் என்னிடம்.

"பதினாலே கால்" என்று என் கணவர் சொன்னார். ஆறு வருஷத்தில் அந்தச் சுவரைப் பற்றி அவர் குறை சொல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

பொறியாளர் அம்மா கோப்பைத் திறந்தார். "என்ன செய்யலாம்?"

"மனுவைத் திருப்பிக் குடுத்துடுங்க மேடம்."

"நம்பர் போட்டாச்சே. வேணும்னா நிராகரிக்கலாம். ஆனா காரணம் எழுதணும்."

என் கணவர் கோப்பை எட்டிப் பார்த்தார். "வேலை செஞ்சவன் கரையில இருந்து மட்டும்தான் பாத்திருக்கான், படகுல வர்றவங்க கண்ணால பாக்கலைன்னு எழுதுங்க."

அந்த அம்மா சொன்னபடியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான் ஏதோ பறவையைக் காட்டுவது போல அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆறு வருஷமாகக் கட்டின பெண்டாட்டி சொல்லி நம்பாத மனுஷன், ஒரே ஒரு தடவை படகில் வந்ததும் நம்பிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக வந்துவிட்டதால் திட்டத்தான் முடியவில்லை.